மீசை குடித்த நன்னாரி

ஆந்திரா தனி மாநிலமாகப் பிரிந்த அடுத்த வருஷம், நல்ல கோடை. சித்தூர் ஜில்லா புத்தூரில், என் பிறந்த வீட்டில் நடந்தது இது. அன்று என்னைப் பெண் பார்க்கத் திருத்தணியிலிருந்து வருவதாக இருந்தது.

நான் சின்ன வயதிலிருந்தே பேசப் பயப்படுகிறவள். எட்டாவது வரைக்கும் படித்தேன். வகுப்பில் பெயர் கூப்பிட்டால் "உள்ளேன்" என்று சொல்லக்கூட எனக்குச் சத்தம் வராது. முன்பு ஒரு வரன் வந்தபோது, அவர்கள் கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் சொல்லாமல் அழுதுவிட்டேன். "பொண்ணு ஊமை போல கீது" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அந்தப் பேச்சு ஊரில் பரவி, வெகுநாள் யாரும் எங்கள் வாசல் பக்கம் வரவில்லை. இந்த இடமும் தட்டிப்போனால் அவ்வளவுதான் என்று என் அப்பா, நைனா, சாப்பாடு இறங்காமல் இருந்தார்.

என் அண்ணன்தான் ஒரு யோசனை சொன்னார். அவர் பட்டணத்தில் ஒரு பெரிய ஓட்டலில் வெள்ளைக்காரர்களுக்கு மதுபானம் கலந்து கொடுக்கிற வேலையில் இருந்தவர். மதுவிலக்கு வந்து அந்தப் பகுதியை மூடியதும், முதலாளி கொடுத்த சில காக்டெயில் கிளாஸ்களை வைக்கோலில் சுற்றி எடுத்துக்கொண்டு ஊருக்கே வந்துவிட்டார். ஸ்டேஷன் பக்கத்தில் சோடாக்கடை வைத்திருந்தார். அந்தக் கிளாஸை நீங்கள் பார்த்திருக்கிறீர்களோ என்னவோ. கீழே மெல்லிய தண்டு, மேலே புனல் மாதிரி விரிந்த வாய்.

"நீ பேசவே வேணாம். இதுல நன்னாரி ஊத்தி எடுத்துக்கினு போ. எல்லாரும் கிளாஸத்தான் பாப்பாங்க, உன்னப் பாக்க மாட்டாங்க" என்றார். எனக்கு அந்தக் கடைசி வார்த்தை ரொம்பப் பிடித்திருந்தது.

அம்மாதான் ஒத்துக்கொள்ளவில்லை. "சாராயம் ஊத்தன கிளாஸாடா சம்பந்தி வூட்டுக்காரங்களுக்கு?"

"சாம்பல் போட்டுத் தேய்ச்சிட்டேம்மா. நன்னாரிக்கு அதெல்லாம் இன்னா தெரியப்போவுது?"

காலையிலிருந்து அண்ணன் எனக்குப் பழக்கினார். எலுமிச்சை மூடியால் கிளாஸின் விளிம்பைத் தேய்த்து, தட்டில் பரப்பிய சர்க்கரையில் கவிழ்த்து எடுத்தால் விளிம்பு முழுக்கச் சர்க்கரை பனி மாதிரி ஒட்டிக்கொள்ளும். எலுமிச்சையை வட்டமாக அரிந்து, ஒரு கீறல் போட்டு விளிம்பில் உட்கார வைக்க வேண்டும். நன்னாரியும் ஐஸும் கலந்து வடிகட்டி ஊற்றி, மேலே ஒரு புதினா இலை. கிளாஸைத் தண்டில்தான் பிடிக்க வேண்டும். மேலே பிடித்தால் கைச்சூட்டில் குளிர்ச்சி போய்விடும். எல்லாம் சொல்லிக் கொடுத்தார். ஆனால் ஒன்றை மட்டும் எங்களில் ஒருவரும் நினைத்துப் பார்க்கவில்லை.

எங்கள் ஊர்ப்பக்கம் அடுத்தவர் வீட்டில் எதைக் கொடுத்தாலும் வாய் வைத்துக் குடிக்க மாட்டார்கள். அண்ணாந்துதான் ஊற்றிக்கொள்வார்கள். பாத்திரத்தை எச்சில் பண்ணாமல் திருப்பிக் கொடுப்பது அந்த வீட்டுக்குக் கொடுக்கிற மரியாதை. அண்ணன் வேலை பார்த்த இடத்தில் எல்லாரும் வாய் வைத்தே குடித்தவர்கள். அவருக்கும் அது மறந்து போயிற்று.

மாப்பிள்ளையின் அப்பாவும், அந்த அப்பாவின் அக்காவான அத்தையும், இன்னும் சிலரும் வந்து பாயில் உட்கார்ந்தார்கள். மாப்பிள்ளை வரவில்லை; அப்போதெல்லாம் முதலில் பெரியவர்கள்தான் வந்து பார்ப்பார்கள். நான் தட்டை எடுத்துக்கொண்டு போனேன். அண்ணன் சொன்னபடியே எல்லாரும் கிளாஸைத்தான் பார்த்தார்கள். மாப்பிள்ளையின் அப்பா பெரிய மீசைக்காரர், வெள்ளை வெளேரென்ற ஜிப்பா. "அடேங்கப்பா, தாமரை மாதிரி இல்ல கீது" என்று ஒன்றை எடுத்தார். நான் வாயைத் திறப்பதற்குள் அண்ணாந்து கையைத் தூக்கிவிட்டார்.

தம்ளர் என்றால் கம்பி மாதிரி ஒழுகும். அந்த விரிந்த வாயிலிருந்து நன்னாரி மொத்தமாகக் கவிழ்ந்தது. மூக்கு, மீசை, ஜிப்பா எல்லாம் சிவப்பு. எலுமிச்சை வட்டம் அவர் கன்னத்தில் ஒட்டிக்கொண்டது, புதினா மீசையில் தொங்கியது.

நைனா துண்டோடு ஓடினார். நான் தட்டோடு அங்கேயே நின்றேன்.

மாப்பிள்ளையின் அத்தை எழுந்து நின்றாள். "கூத்தாடி வூட்டு கிளாஸு! இதுல எவனாவது குடிப்பானா? வந்த காரியமே நனைஞ்சி போச்சி. எந்திரு தம்பி, போவலாம்."

அவர் எழுந்திருக்கவில்லை. மீசையை மெதுவாக நக்கிப் பார்த்தார். "ஒக்காருக்கா. மீசை குடிச்சிட்டு நல்லாக்கீதுன்னு சொல்லுது. வாய்க்குத்தான் ஒண்ணும் கெடைக்கல." கன்னத்திலிருந்த எலுமிச்சையை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு என்னைப் பார்த்தார். "இத எப்டிம்மா குடிக்கறது? நீயே சொல்லு."

நைனா கண்ணை மூடிக்கொண்டார். நான் பேச மாட்டேன் என்று அவருக்குத் தெரியும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. ஆனால் அவ்வளவு பேர் நடுவில் நனைந்து உட்கார்ந்துகொண்டு, என் மேல் கோபமே இல்லாமல் கேட்கிற அந்த முகத்தைப் பார்த்ததும் எப்படியோ வார்த்தை வந்துவிட்டது.

"தண்டப் புடிச்சிக்கினு, வாய் வச்சி குடிங்க மாமா."

மாமா என்று முறை சொல்லிவிட்டது அப்புறம்தான் உறைத்தது. நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

"எச்சிலாவும்டா!" என்றாள் அத்தை.

"மாமான்னு சொல்லிட்டா. நம்ம வூட்டுப் பொண்ணு கையில வாங்கிக் குடிக்கறதுல எச்சில் இன்னாக்கா?" என்று இன்னொரு கிளாஸை எடுத்து, வாய் வைத்து, விளிம்புச் சர்க்கரை வரை ஒரு சொட்டு விடாமல் குடித்தார். சம்பந்தம் அங்கேயே நிச்சயமாகிவிட்டது. கொஞ்ச நேரம் கழித்து அத்தையும் ஒன்றை எடுத்து, முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு வாய் வைத்துக் குடித்தாள். "புளிப்பு கொஞ்சம் தூக்கலு" என்றாள்.

பிறகு எல்லை பிரித்தபோது திருத்தணி சென்னை மாநிலத்துக்குப் போயிற்று, புத்தூர் ஆந்திராவிலேயே நின்றது. புகுந்த வீடு ஒரு ராஜ்யம், பிறந்த வீடு ஒரு ராஜ்யம் என்றாகிவிட்டது. மாமனார் மட்டும் புத்தூருக்குப் போகும்போதெல்லாம், "வேற ராஜ்யத்துலேர்ந்து வந்துக்கிறேன், அந்தக் கிளாஸ எடுங்க" என்று கேட்டு வாங்கி, நைனாவின் எதிரில் வாய் வைத்தே குடிப்பார்.

இப்போது அவர் இல்லை. எனக்கும் நரைத்துவிட்டது, கூச்சம் முழுதாகப் போகவில்லை. ஆனாலும் எங்கள் வீட்டில் யாராவது புதியவர் தயங்கித் தயங்கித் தம்ளரை உயரத் தூக்கினால், "பரவால்ல, வாய் வச்சே குடிங்க" என்று என் வாய் தானாகச் சொல்லிவிடுகிறது. யாரிடமும் பயமில்லாமல் எனக்கு வருகிற அந்த ஒரு பேச்சு, நனைந்த ஜிப்பாவோடு அவர் எனக்குக் கொடுத்தது.