கேபிள் எங்கே போகிறது?

என் வாடிக்கையாளர் மங்கையின் அழைப்பு வந்தபோது நான் கனடாவில், றிச்மண்ட் ஹில்லில், ஒரு பல் வைத்தியரின் கிளினிக்கில், கணினி ஒன்றைத் திருத்த மேசைக்கு அடியில் குப்புறப் படுத்திருந்தேன். மங்கையின் வீடு ரூஜில். நல்ல நாளிலேயே நாற்பது நிமிட ஓட்டம். அன்று பனி வேறு கொட்டிக்கொண்டிருந்தது.

"அண்ணை, கொம்பியூட்டர் குடி எழும்பின வீடு மாதிரிக் கிடக்கு."

"விளங்கேல்லைத் தங்கச்சி. என்ன தெரியுது?"

"நீலக் கடலும் மலையும் தெரியுது. வேற ஒண்டும் இல்லை. நீங்கள் வைச்ச படங்கள், கீழ இருந்த அந்தப் பட்டை, எல்லாத்தையும் ஆரோ அள்ளிக்கொண்டு போயிட்டினம்."

நான் இந்தத் தொழிலைப் பள்ளிக்கூடத்தில் படித்தவன் இல்லை. முந்திப் பகலில் பெட்டி அடுக்கும் ஃபக்ரறி வேலை. மிச்ச நேரத்தில் பழுதான கணினிகளைக் கழற்றிப் பார்த்துப் பழகியது. அதனால் வாடிக்கையாளர் வாயில் வரும் சொல்தான் எனக்குப் பாடப்புத்தகம். "திரை விக்கல் எடுக்குது" என்று வோபர்னில் ஒரு அங்கிள் சொன்னால், மொனிற்றர் கேபிள் தளர்ந்திருக்கிறது என்று பொருள். "பெட்டிக்கு மூச்சு வாங்குது" என்றால் விசிறியில் தூசி. ஆனால் குடி எழும்பின வீடு எனக்குப் புதிது. வீடு அப்படியே இருக்கிறது, சாமானும் இல்லை, சனமும் இல்லை. பின்னணிப் படத்தோடு திரை உயிரோடு இருக்கிறது, அதில் இருந்தவை எங்கேயோ போய்விட்டன. எங்கே?

வேறு நாளென்றால் அந்தக் கேள்வியை ஆறுதலாக மென்றிருப்பேன். அன்று முடியாது. பதினொரு மணிக்கு மங்கைக்குக் குடியுரிமைச் சத்தியப்பிரமாணம், வீடியோ மீற்றிங்கில். முதல் தடவை அழைத்தபோது நிமோனியாவோடு ஆஸ்பத்திரியில் கிடந்தாள். இதையும் தவறவிட்டால் விண்ணப்பத்தையே மூடிவிடுவார்கள் என்ற பயம் அவளுக்கு. பாரிஸில் அக்காவின் மகளுக்குக் கலியாணம். இலங்கைப் பாஸ்போர்ட்டில் கேட்டு ஒருமுறை விசா மறுத்துவிட்டார்கள். கனடாப் பாஸ்போர்ட் கைக்கு வந்தால்தான் அக்காவின் முகத்தைப் பார்க்கலாம். பதினெட்டு வருசமாகப் பார்க்கவில்லை.

அப்போது நேரம் பத்து இருபது.

வெள்ளிக்கிழமை நான் செய்த வேலை

இதில் ஒரு உண்மையை ஒப்புக்கொள்ள வேண்டும். அதற்கு முந்தின வெள்ளிக்கிழமை அந்தக் கணினியைத் தயார்செய்து கொடுத்தவன் நானே. கமரா, மைக், லிங்க் எல்லாம் பார்த்தேன். எல்லாம் நன்றாக ஓடியது. மீற்றிங்கைத் திறக்கும் ஐகனுக்கு "1" என்று பெயர் வைத்து முகப்பில் போட்டேன். அத்தோடு எழும்பி வந்திருக்கலாம். மங்கை தேத்தண்ணியும் வடையும் கொண்டுவந்தாள். வடை சாப்பிடும் நேரத்தில் கை சும்மா இருக்கவில்லை. திரையை இயக்கும் மென்பொருளான டிஸ்பிளே டிரைவர் பழையதாக இருப்பது கண்ணில் பட்டது. அப்டேற் கொடுத்தேன். "றீஸ்ரார்ட் செய்யவா?" என்று கணினி கேட்டது. "பிறகு" என்று அமத்திவிட்டு இரண்டாவது வடையை எடுத்தேன்.

அந்தப் "பிறகு" நான் வீட்டுக்குப் போனபின் வந்தது. மங்கை ஞாயிறு பின்னேரம் கணினியைப் போட்டிருக்கிறாள், கடலும் மலையும் மட்டும் வந்திருக்கிறது. அண்ணைக்கு ஞாயிறு ஓய்வு நாள் என்று எனக்குச் சொல்லவில்லை, திங்கள் காலையும் தானாகச் சரிவரும் என்று பார்த்திருந்தாள்!

கண்ணில்லாமல் பார்த்தது

"ஃபோனாலை போகலாமே, தங்கச்சி?"

"அதின்ரை முன் கமரா போன மாசம் பனிக்குள்ள விழுந்து செத்துப் போச்சு."

"வீட்டில ஆர்?"

"ஒருத்தரும் இல்லை. மனுசன் ட்ரக்கோட வினிபெக்குக்குப் போட்டார். கீழ பேஸ்மென்றில பெடியன் ஒருத்தன் வாடகைக்கு இருக்கிறான், சென்னைப் பெடியன். அவனுக்கு வீட்டிலிருந்து வேலை, கரைச்சல் குடுக்கேலாது."

"என்ன வேலை?"

"பாங்கில. ஏதோ கொம்பியூட்டர் வேலைதான்."

காலுக்குக் கீழே கணினிக்காரன் இருக்க, நாற்பது நிமிடத் தூரத்தில் இருக்கும் என்னைக் கூப்பிடுகிறாள். வாடகைக்கு இருப்பவரிடம் உதவி கேட்டால் பிறகு கண்டிப்பாகக் கதைக்க முடியாது என்பது எங்கள் ஆட்களின் சட்டம்.

சரி. கணினியை இரண்டு மூன்று தடவை அணைத்துப் போட்டுப் பார்த்ததில் அரைமணி போய்விட்டது, எனக்குத் திரையே தெரியவில்லை, அவளுக்குக் கடல் மட்டும்தான். திரையைப் பார்க்காமலே அந்த "1" ஐகனைத் திறந்து, கணினிக்கு உயிர் இருக்கிறதா என்றாவது பார்ப்போம் என்று நினைத்தேன்.

"கீபோர்டில நாலு சதுரம் போட்ட கீயும் D-யும் ஒண்டா அமத்துங்கோ. பிறகு 1. பிறகு என்டர்."

"அமத்தியாச்சு. கடல்தான் தெரியுது... பொறுங்கோ, கமராவில பச்சை லைற் எரியுது!"

லைற் எரிந்தால் மீற்றிங் திறந்துவிட்டது. டிரைவர் சாகவில்லை. மீற்றிங் எங்கேயோ ஒரு திரையில் ஓடுகிறது. ஆனால் அந்த வீட்டில் இருப்பது ஒரே ஒரு மொனிற்றர்.

நேரம் பத்து ஐம்பத்தைந்து.

"தங்கச்சி, ஏதாவது சத்தம் கேக்குதோ?"

அவள் காதுகொடுத்துக் கேட்டுவிட்டுக் குரலைத் தாழ்த்திச் சொன்னாள். "கொம்பியூட்டரில இல்லை அண்ணை. கீழ கேக்குது. ஒரு பொம்பிளை இங்கிலீசில கதைக்கிறாள். உவன் ஒரு வெள்ளைக்காரப் பெட்டையைக் கூட்டி வந்திட்டான்! வாடகைக்கு வரேக்கை எவ்வளவு நல்ல பிள்ளை மாதிரி..."

"அந்தப் பெட்டை என்ன சொல்லுறாள்?"

"விளங்கேல்லை. பேர் வாசிக்கிற மாதிரிக் கிடக்கு."

"ஆரின்ரை பேர்?"

அவள் பதில் சொல்லுமுன் படிக்கட்டில் தடதடவென்று ஆள் ஓடிவரும் சத்தம். கதவில் தட்டல். பிறகு ஃபோனுக்குள்ளேயே கேட்டது, மூச்சு வாங்க ஒரு சென்னைக் குரல்.

"ஆன்ட்டி! டிவில ஒரு மேடம் உங்க பேரச் சொல்லிக் கூப்பிடுறாங்க! உங்க மூஞ்சியும் தெரியுது!"

"என்ரை முகமோ? உங்கட ரீவியிலயோ?"

அப்போதுதான் வெள்ளிக்கிழமை கண்ணில் பட்ட ஒன்று ஞாபகம் வந்தது. கணினிக்குப் பின்னாலிருந்து ஒரு கறுப்புக் கேபிள் தரையில் துளைத்த ஓட்டைக்குள் இறங்கிப் போனது. பார்த்தேன். கேட்கவில்லை. அடுத்த நாள் தெரிந்துகொண்டபடி, மங்கையின் புருசன் முந்தி சிநேகிதர்களோடு பேஸ்மென்றில் கிரிக்கெட் பார்க்க இழுத்த கேபிள் அது. பிறகு பேஸ்மென்றை ரீவியோடு சேர்த்து வாடகைக்கு விட்டார்கள். கேபிளை மறந்துவிட்டார்கள். பழைய டிரைவர் மொனிற்றரை மட்டும் பார் என்ற கட்டளையோடு இருந்தது. புதியது வந்ததும் அந்தக் கட்டளை அழிந்தது, பெரிய திரையே பிரதான திரை என்று முடிவெடுத்தது. படமும் சத்தமும் கீழே போய்விட்டன.

"தம்பீ!" என்று மேசைக்கு அடியில் படுத்தபடி கத்தினேன். பல் வைத்தியர் எட்டிப் பார்த்தார். "ரீவிக்குப் பின்னால இருக்கிற கேபிளைக் கழட்டுங்கோ! ஓடுங்கோ!"

படிக்கட்டு மறுபடி தடதடத்தது. ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணினேன். ஏழில் மங்கை "ஐயோ!" என்றாள்.

"என்ன தங்கச்சி?"

"எல்லாம் திரும்பி வந்திட்டுது அண்ணை. நான் இருக்கிறன். அந்தப் பொம்பிளையும் இருக்கிறா. சிரிக்கிறா."

அதிகாரி மூன்றாவது தடவை பெயரைக் கூப்பிட்டது எனக்கும் கேட்டது. "யெஸ் மேடம், ஐ ஆம் ஹியர்" என்றாள் மங்கை. மீற்றிங் திறந்த நேரத்திலிருந்து, பட்டுச் சேலையோடு அவள் கமராவுக்கு முன் ஃபோனில் என்னோடு வாதாடியதை அந்த அம்மா முழுவதுமாகப் பார்த்திருக்கிறார்.

மங்கை ஃபோனை வைக்க மறந்துவிட்டாள். நானும் வைக்கவில்லை. ஆங்கிலத்தில் சத்தியம் தடையில்லாமல் வந்தது. பிரெஞ்சில் கல்லில் வண்டி ஏறின மாதிரி வந்தது. ஆனாலும் வந்து சேர்ந்தது.

பிறகு

அடுத்த நாள் போனேன். பிழை என்னுடையது என்று சொன்னேன். மங்கை வடை சுட்டிருந்தாள். கையைக் கட்டிக்கொண்டுதான் சாப்பிட வேண்டும் என்றாள். பெடியனும் வந்திருந்தான். பெயர் பிரவீன்.

"ஞாயித்துக்கிழமை சாயங்காலத்துல இருந்தே வந்துச்சு சார். டிவியப் போட்டா ஆன்ட்டி கம்ப்யூட்டர் தானா வந்துடும். அவங்க பர்சனலப் பாக்கக் கூடாதுன்னு பெட்ஷீட்டப் போட்டு மூடிட்டேன். நேத்து ஆன்ட்டி பேரைக் கேட்டதும்தான் தூக்கிப் பாத்தேன்."

"சொல்லியிருக்கலாமே, தம்பி!" என்றாள் மங்கை.

"வீட்டுக்காரங்ககிட்ட போய், உங்களுடையதெல்லாம் எனக்குத் தெரியுதுன்னு எப்படி ஆன்ட்டி சொல்றது?"

அவள் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். வெள்ளைக்காரப் பெட்டையைப் பற்றி நானும் வாய் திறக்கவில்லை.

இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். முக்கியமான நாளுக்கு முன் ஓடிக்கொண்டிருக்கும் டிரைவரில் கை வைக்காதீர்கள். வைத்தால், றீஸ்ரார்ட் செய்து பார்க்காமல் கதிரையை விட்டு எழும்பாதீர்கள். ஆட்கள் சொல்வதைச் சொன்னபடியே கேளுங்கள். குடி எழும்பிவிட்டது என்று அவள் முதல் நிமிடமே சொன்னாள், எங்கே போனது என்று தேட எனக்கு அரைமணி நேரம் பிடித்தது. எந்த வீட்டுக்குப் போனாலும் இப்போது என் முதல் கேள்வி இந்தக் கேபிள் எங்கே போகிறது என்பதுதான்.

போன மாதம் வெளிநாட்டு இலக்கத்திலிருந்து ஒரு அழைப்பு. பின்னால் நாதஸ்வரச் சத்தம்.

"அண்ணை, பாரிஸில நிக்கிறன். இஞ்சை மண்டபத்தில பெரிய திரைக்குப் படம் வரமாட்டனெண்டு நிக்குது. கேபிள் எங்க போகுதெண்டு முழுக்கப் பாத்திட்டுத்தான் உங்களுக்கு எடுக்கிறன்."