துண்டு போர்த்திய கருவி

காலுக்குத் தெரியாத குட்டி நிலநடுக்கங்களைப் பதிவுசெய்து, அவை கடந்து வரும் பாறை அடுக்குகளைப் படமாக்குவது எங்கள் வேலை. கடலூருக்குத் தெற்கே, மீனவக் குப்பம் ஒன்றில், செல்வி அக்காவின் கொல்லையில் ஒரு கருவியைப் புதைத்திருந்தோம். இன்று வந்து பார்த்தால் குழி காலி.

"மழை ஜாஸ்திங்க. நனைஞ்சிடப் போவுதுன்னு நாந்தான் தோண்டி எடுத்தாந்தேன்" என்கிறார் அக்கா.

தண்ணீர் புகாத அந்தக் கருவி, பீரோ மேல் துண்டு போர்த்தி உட்கார்ந்திருக்கிறது.

"எத்தனை நாளாக்கா?"

"நாலு நாளு இருக்கும்."

முந்தாநாள்தான் வங்கக் கடலில் சின்னதாக ஒரு நடுக்கம். ஏழு மாதமாக அதற்குத்தான் காத்திருந்தோம். தலையில் கைவைத்து உட்கார்கிறேன். அக்கா டீயை நீட்டுகிறார்.

"கவலப்படாதீங்க தம்பி. ஒரு நடுக்கமும் வரல. நான் இங்கியேதான் இருந்தேன்."