தலையைத் தொடாத அதிகாரி

உங்கள் மேசை முன்னால் ஆறு வயதுக் குழந்தை ஒன்று தலை குனிந்து பேசாமல் நின்றால், அதற்குப் புத்தி மட்டு என்று எழுதிவிடுவீர்களா? குவாத்தமாலா மலையூர் ஒன்றில் பாலர் வகுப்பு எடுக்கும் எவுலாலியா சோக், அப்படி எழுதிய தாள்களைப் பத்தொன்பது வருடமாகப் பார்த்து நொந்துபோனவள்.

அவள் ஊரில் பெரியவரைக் கண்டால் பிள்ளை தலை குனியும். அவர் அந்தத் தலையைத் தொட்ட பிறகுதான் பேச்சு. நேருக்கு நேர் பார்க்கிற பிள்ளைக்குத் திமிர் என்று பெயர். முதல் வகுப்புக்கான தேர்விலோ நிமிர்ந்து பார்க்க வேண்டும், உரக்கப் பதில் சொல்ல வேண்டும். தவறினால் இன்னொரு வருடம் பாலர் வகுப்பிலேயே.

அதனால் தேர்வு மாதமான அக்டோபர் பிறந்தாலே எவுலாலியா கத்தத் தொடங்குவாள்: "கண்ணைப் பாக்க வெக்கமா இருந்தா மூக்கைப் பாருங்கடா!"

ஒரு வருடம் அப்படிக் கத்திய மறுநாளே, அவள் வகுப்புப் பிள்ளை பெத்ரோனாவின் அம்மா வந்து நின்றாள். "என்ன டீச்சர், இவ தாத்தா மூக்கையே முறைக்கிறா. வீட்ல ஒரே சண்டை."

"ஸ்கூல்ல நிமிரட்டும், வீட்ல குனியட்டும்மா."

"அதுக்கு ரெண்டு தலையா இருக்கு?"



தேர்வுக்குத் தலைநகரத்திலிருந்து வந்த அதிகாரிக்கு நரைத்த தலை. அதைக் கண்டதும் பெத்ரோனாவின் தலை தானாகக் குனிந்தது.

"பேர் என்ன? காது கேக்குதா பாப்பா?"

அவர் கை எட்டவில்லை போலும் என்று பெத்ரோனா இன்னும் ஓரடி நெருங்கினாள். அவர் நாற்காலியைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

"சார், அவ உங்களுக்கு வணக்கம் சொல்றா. தலையைத் தொடுங்க" என்றாள் எவுலாலியா.

"நான் என்ன பாதிரியாரா? பிள்ளைங்களுக்கு நல்ல பழக்கம் சொல்லிக் குடுங்க டீச்சர்."

"அவ பழக்கத்துல குறையில்ல சார். நீங்கதான் இன்னும் பதில் வணக்கம் சொல்லல."

எவுலாலியாவே அந்தத் தலையைத் தொட்டாள். பெத்ரோனா நிமிர்ந்து, பெயரைச் சொல்லி, கேட்காமலேயே ஒன்று, இரண்டு என்று எண்ண ஆரம்பித்தாள். நாற்பதைத் தாண்டும்போது அதிகாரி, "பக்குவம் போதாது" என்று எழுதி முடித்து அடுத்த பெயரைக் கூப்பிட்டார். பேனா பிடித்தவன் வீட்டுப் பழக்கம் மட்டுமே நல்ல பழக்கம் என்று எந்தச் சட்டம் சொல்கிறது?

புது வகுப்புகள் தொடங்கிய ஜனவரியில் பெத்ரோனா அதே குட்டி முக்காலியில் மறுபடி உட்கார்ந்தாள். முழங்கால் மேசையில் இடித்தது.

உங்கள் முன்னாலும் ஒரு பிள்ளை பேசாமல் நிற்கலாம். எழுதுவதற்கு முன், அதன் வீட்டில் எப்படி வணக்கம் சொல்வார்கள் என்று தயவுசெய்து ஒரு வார்த்தை கேளுங்கள்.