கருவாட்டுக் களத்தில் எரிந்த விளக்கு

ஆறாவதோடு படிப்பை விட்டவன் நான். கிடைக்கிற வேலைக்கு ஊர் ஊராகப் போவேன். போன பங்குனியில் மணமேல்குடிப் பக்கம் ஒரு கருவாட்டுக் களத்தில் காவலுக்குச் சேர்ந்தேன். பக்கத்து மணலில் கடலாமை முட்டையிட்டிருந்தது. குஞ்சு பொரியும்வரை கரையில் விளக்கு எரியக்கூடாது என்று வனத்துறையினர் சொல்லியிருந்தார்கள்.

களத்துக்காரர் செல்வி அக்காவும், "லைட்ட அமத்திருங்க தம்பி. வெளிச்சம் இருக்க பக்கந்தான் கடல்னு குஞ்சுக வந்துரும்" என்றார்.

நாய்கள் கருவாட்டை இழுத்துப் போகுமே என்று ஒரு விளக்கை மட்டும் எரியவிட்டுத் தூங்கிவிட்டேன்.

காலையில் களம் கூட்டும்போது, கருவாடு காயும் வலையில் கறுப்பாக ஏதோ சிக்கிக் கிடந்தது. குனிந்து பார்த்தேன். அத்தனையும் ஆமைக்குஞ்சுகள். பாதியைக் காக்கை கொத்தியிருந்தது.

அக்கா வந்து பார்த்தார். "கருவாட்டுக்குக் காவல் இருக்கச் சொன்னா, ஆமைக்குஞ்சையும் சேத்துல்ல காயப் போட்டிருக்கீங்க!"

உயிர் இருந்த நான்கை வலையை அறுத்து எடுத்து, அலையோரம் விட்டோம். மூன்று கடலுக்குள் போயின. ஒன்று அசையவே இல்லை.

இப்போது எந்தக் கடற்கரையில் காவலுக்குப் போனாலும் விளக்கை அமர்த்திவிட்டுக் கம்போடு விழித்திருக்கிறேன். நாய் வருவது காதுக்கே கேட்கிறது. அன்றும் கேட்டிருக்கும்.