தாய்மாமன் வைத்த ஸ்டேட்டஸ்

தாராவியில் மகேஷ்குமாரைத் தெரியாதவர்கள் இருக்கலாம். அவன் பொன்மொழி வந்து விழாத போன் கிடையாது. பிழைப்பு, தோல்பைப் பட்டறையில் பார்சல் கட்டுவது. அதைச் சொல்ல அவனுக்கு வாய் வராது. போனில் அவன் ‘வாழ்க்கை வழிகாட்டி’. வாடகைக் கோட்டை மாட்டிக்கொண்டு பாந்த்ரா குர்லா காம்ப்ளக்ஸில் ஒரு கண்ணாடிக் கட்டடத்தின் முன்னால் கைகட்டி நிற்பான்; வாட்ச்மேன் விரட்டுகிற வரை படம் எடுத்துக்கொள்வான். இந்தியில் எவனோ எழுதியதைத் தமிழாக்கி அந்தப் படத்தில் போட்டு, கீழே தன் பெயரை எழுதுவான். வெட்கமாவது ஒன்றாவது! கேட்டால் பெர்சனல் பிராண்டிங் என்பான். அவனிடம் வழி கேட்டு இன்றுவரை ஒரு ஈ காக்கா வந்ததில்லை.

தங்கை இசக்கிசெல்விக்கு இதைப் பார்த்தாலே எரிச்சல். ஆனாலும் ஒரே அண்ணன், அப்பாவும் இல்லை. பிறந்த வீட்டில் கேட்க நாதியில்லாதவள் என்ற பேச்சைப் பாண்டுப்பில், மாமியார் வீட்டில், கல்யாணமான நாளிலிருந்து கேட்டுக் கேட்டு அவளுக்குக் காது புளித்துவிட்டது. இப்போது மகளுக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடியில் பிள்ளையை உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். அண்ணன் அன்று ஒரு நாள் மனுஷனாக வந்து உட்கார்ந்தால் போதும், அந்தப் பேச்சு அடங்கிவிடும். புருஷனோடு தாராவிக்குப் போய், வெற்றிலைபாக்குத் தட்டு வைத்து முறையாக அழைத்துவிட்டு வந்தாள்.

மறுநாள் அண்ணனின் ஸ்டேட்டஸ்: “தேவைக்கு மட்டும் தேடி வரும் உறவுகளை உதறிவிடு. உயரம் தானாக வரும். - மகேஷ்குமார்.”

நம் சனம் ஸ்டேட்டஸ் படிக்கிற லட்சணம் தெரிந்ததுதானே. என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்காது, யாரைக் குத்துகிறான் என்றுதான் பார்க்கும். நவி மும்பை நெருளிலிருந்தெல்லாம் சொந்தக்காரர்கள் போன் போட்டுத் துக்கம் விசாரித்தார்கள். மாமியார் சொர்ணம்மாள் மட்டும் ஒரு வார்த்தை பேசவில்லை. இசக்கிசெல்விக்கு அதுதான் பயமாக இருந்தது. அண்ணனைக் கூப்பிட்டாள்.

“அண்ணே, அதை எடுத்துருண்ணே. நீ எங்களத்தான் சொல்லுதன்னு எல்லாரும் பேசுதாவ.”

“டென்ஷன் மத் லே, டென்ஷன் ஆகாத. அது பொதுவாப் போட்டது. இவ்வளவு லைக் எனக்கு எதுக்குமே வந்ததில்லட்டி. இப்பப் போயி எடுக்கச் சொல்லுதியே.”

உண்மையில் அந்தப் புண்ணியவான் யாரையும் மனதில் வைத்துப் போடவில்லை. போடுவதற்கு முன் ஒருமுறை படித்திருப்பானா என்பதே சந்தேகம். ஸ்டேட்டஸ் ஒரு நாளில் தானாகப் போய்விடும். லைக் வாங்கிய மிதப்பில் அவன் அதையே திரும்பத் திரும்ப வைத்தான். காதுகுத்து அன்று காலையிலும் வைத்தான்.

தாராவிப் பிள்ளையார் கோயிலுக்கு அதே கோட்டில், போன் ஸ்டாண்டோடு வந்து இறங்கினான். சொர்ணம்மாள் எல்லார் முன்னாலும் கேட்டாள்: “தேவைக்குத் தேடி வந்தவுக நாங்கதான, தம்பி?”

தப்பாகப் போய்விட்டது அத்தை என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது. இசக்கிசெல்வி அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவனோ கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, நெகட்டிவாக எடுக்கக் கூடாது என்று ஆரம்பித்து, எண்ணம், உயர்வு, வெற்றி என்று வீடியோவில் பேசுகிற மாதிரியே பேசிக்கொண்டு போனான். பின்னால் யாரோ சிரித்தார்கள்.

ஆசாரி ஊசியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். ஒரு நிமிஷம் என்றான் மகேஷ்குமார். ஸ்டாண்டில் போனைப் பொருத்தி, திரையைப் பார்த்துத் தலைமுடியைச் சரிசெய்துகொண்டிருந்தான். இசக்கிசெல்வி பாயில் உட்கார்ந்து பிள்ளையைத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

“மாமன் மடியிலல்லாம்மா வைக்கணும். தாய்மாமன் எங்க?” என்றார் ஆசாரி.

“இல்ல” என்றாள். “இவளுக்குத் தாய்மாமன் இல்ல. நீங்க குத்துங்க.”

ஆசாரி கோட்டுக்காரனை ஒருதரம் பார்த்தார். சொர்ணம்மாள் எழுந்து வந்து மருமகளை ஒட்டி உட்கார்ந்து, பிள்ளையின் தலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.