ஐஸில் வந்த ரத்தம்

பொட்டாசியம் 4.4. குறை சொல்ல முடியாத அளவு. எழில்மொழி அதைத் தாளில் எழுதி, கையெழுத்துக்காக ஆய்வுக்கூட முதலாளி குஞ்சிதபாதத்திடம் நீட்டப் போனாள். பெஞ்சில் காத்திருந்த மூஸா பாய் எழுந்து நின்றார். வேதாரண்யத்திலிருந்து மனைவி ஜன்னத் பீவியின் ரத்தத்தை எடுத்துக்கொண்டு காலை முதல் பஸ்ஸில் நாகப்பட்டினம் வந்திருந்தார்.

“நல்லாருக்காம்மா?”

“நல்லாத்தான் இருக்கு பாய். வீட்ல எப்படி இருக்காங்க?”

“இதயத்துக்கும் நீருக்கும் மாத்திரை தவறாம சாப்பிடுறா. ஆனாலும் அஞ்சு நாளா வாந்தி. நேத்து ஒரு வெள்ளத் துணிய எடுத்துக் காட்டுறேன், மஞ்சத் துணிய எதுக்குக் காட்டுறீங்கங்கிறா. முப்பத்தஞ்சு வருஷமா நான் என்ன சொன்னாலும் மறுத்துத்தான் பேசுவா. அதனால நானும் கண்டுக்கல.”

எழில்மொழி நீட்டிய தாளைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

நன்னிலத்துக்கு அருகே, அறுவடைக்கும் நடவுக்கும் கூலிக்குப் போன குடும்பம் அவளுடையது. அப்பா செல்லதுரைக்கு இதயம் பலவீனம். இதயத்துக்கு ஒரு மாத்திரை, காலில் தேங்கும் நீர் இறங்க ஒரு மாத்திரை என்று இரண்டு வருடம் ஓடியது. பிறகு ஒரு தை மாதம் சோறு பிடிக்காமல் போனது. பல்பைச் சுற்றி மஞ்சளாக வட்டம் தெரிகிறது என்றார். மஞ்சள் என்றதும் அம்மா ராசம்மாள் காமாலை என்று முடிவு செய்து, வரப்பில் கீழாநெல்லி பறித்து அரைத்துக் கொடுத்தாள். எட்டாம் நாள் அவர் இறந்துபோனார். தஞ்சாவூரில் வேதியியல் படித்துக்கொண்டிருந்த எழில்மொழி, பட்டம் வாங்கிய கையோடு ரத்தப் பரிசோதனைப் படிப்பில் சேர்ந்தாள். அங்கேதான் ஒரு நாள் வகுப்பில், அந்த இதய மாத்திரை அளவு மீறினால் கண்ணுக்கு எல்லாம் மஞ்சளாகத் தெரியும் என்று ஆசிரியர் சொல்ல, அவள் பேனாவைக் கீழே வைத்தாள்.

உடம்பின் ஒவ்வொரு செல்லிலும் இறைவை எந்திரம் போல ஒன்று ஓயாமல் ஓடுகிறது. சோடியத்தை வெளியே இறைக்கும்; பொட்டாசியத்தை உள்ளே இழுக்கும். இதய மாத்திரை இந்த எந்திரத்தில் போய் உட்கார்ந்து ஓட்டத்தைக் கொஞ்சம் மட்டுப்படுத்துகிறது. அதனால் இதயம் அழுத்தமாகத் துடிக்கிறது. பொட்டாசியத்துக்கும் அந்த மாத்திரைக்கும் அங்கே இடப்போட்டி உண்டு. நீர் மாத்திரையால் பொட்டாசியம் சிறுநீரில் போய்விட்டால் போட்டிக்கு ஆளில்லை. வழக்கமான மாத்திரையே விஷமாகிவிடும்.

அப்படியானால் இந்த அம்மாவுக்குப் பொட்டாசியம் குறைந்திருக்க வேண்டும். தாளில் 4.4 என்று இருந்தது.

“பாய், ரத்தம் எப்ப எடுத்தாங்க?”

“நேத்து சாயங்காலம். கடைசி பஸ்ஸு போயிடுச்சு. கெடாம பாத்துக்கங்கன்னு கம்பவுண்டர் சொன்னாரு. என்கிட்டயா சொல்றீங்கன்னேன். நாப்பது வருஷமா மீன் யாவாரம் பண்றேன். ராத்திரி பூரா ஐஸுக்குள்ள பொதச்சு வச்சுல்ல கொண்டாந்தேன்.”

அவர் பெருமையாகச் சொன்னார். செல்லில் ஓடும் அந்த எந்திரம் குளிரில் நின்றுவிடும். செல்லுக்குள் இருந்த பொட்டாசியம் இரவெல்லாம் கசிந்து வெளியே வந்திருக்கும். 4.4 ஜன்னத் பீவியின் உடம்பில் இருந்த அளவு அல்ல. ஐஸ் பெட்டியில் சேர்ந்த அளவு.

“சார், இந்த ரிப்போர்ட் வேணாம்.”

“வந்த ரத்தத்துக்கு வந்த ரிசல்ட்டு, எழிலு. அதுக்கு மேல நமக்கென்ன?” என்றார் குஞ்சிதபாதம்.

“இத நம்பி டாக்டர் பொட்டாசியம் ஏத்தாம விட்டா அந்தம்மா பொழைக்க மாட்டாங்க சார்.”

அவர் தொலைபேசியை அவள் பக்கம் நகர்த்தினார். வேதாரண்யத்து டாக்டர் பொறுமையாகக் கேட்டார். “மாத்திரைய நிறுத்திட்டேன்மா. ஆனா உண்மையான அளவு தெரியாம பொட்டாசியம் ஏத்த முடியாது. கூடிப் போனாலும் இதயம் நின்னுடும். சாயங்காலத்துக்குள்ள சொல்ல முடியுமா?”

முடியும் என்று சொல்லிவிட்டாள். அலமாரியில் தூசி படிந்து கிடந்த ரத்தத்தைப் பிரிக்கும், கையால் சுற்றும் சுழலியைத் துடைத்துப் பையில் போட்டுக்கொண்டு மூஸா பாயோடு பஸ் ஏறினாள். பஸ் திருப்பூண்டி தாண்டியதும் அவர் கேட்டார்: “நான்தான் கெடுத்துட்டேனாம்மா?”

“நீங்க வாந்தியையும் மஞ்சளையும் சொன்னீங்க பாய். அது போதும்.”

வேதாரண்யத்தில் ஜன்னத் பீவி ஆஸ்பத்திரிக் கட்டிலில் துவண்டு கிடந்தார். நாடி விட்டுவிட்டு அடித்தது. ஷார்ஜாவிலிருந்து மகன் சித்தீக் காலையில் இரண்டு முறை பேசியிருந்தான், லீவு கேட்டிருக்கிறானாம்.

“யாரு இந்தப் புள்ள? மஞ்சச் சேலையில வந்திருக்கு” என்றார் ஜன்னத் பீவி.

எழில்மொழி கட்டியிருந்தது வெளிர் சாம்பல் நிறம். ஆமாம் என்று சொல்லி ஊசியைப் போட்டாள். ரத்தம் உறைந்ததும் மேசை விளிம்பில் சுழலியை மாட்டிச் சுற்றினாள். செல்கள் அடியில் தங்க, மேலே தெளிந்த நீரைத் தனிக் குழாயில் எடுத்தாள். இனி இதில் கசிவதற்கு எதுவும் இல்லை. இரண்டு மணி பஸ் கிடைத்தது.

நான்கரைக்கு ஆய்வுக்கூடத்தில், பொட்டாசியம் அளக்கும் கருவியின் சுடரை ஏற்றினாள். கருவியின் முள் சிறிதளவே எழுந்து நின்றுவிட்டது. 2.5. நம்பாமல் இன்னொரு முறை பார்த்தாள். 2.5தான்.

“இப்பவே ஆரம்பிக்கிறேன்” என்று தொலைபேசியில் டாக்டர் சொன்னது காதில் விழுந்த பிறகுதான், காலையிலிருந்து தான் எதுவும் சாப்பிடவில்லை என்பது நினைவுக்கு வந்தது.

மூன்றாம் நாள் மூஸா பாய் வந்தார். முகம் மழித்து, வெள்ளைச் சட்டை போட்டிருந்தார்.

“நாடி சரியாயிடுச்சும்மா. வாந்தி நின்னுடுச்சு. இந்தச் சட்டை என்ன கலருன்னு கேட்டேன். வெள்ளைதான், ஆனா காலர்ல அழுக்கு, தொவைக்கலியாங்கிறா. அப்பதான் எனக்கு உசுரு வந்துச்சு. மவன வர வேணாம்னு சொல்லிட்டேன்.” கையிலிருந்த பெட்டியை மேசைமேல் வைத்தார். “கொடுவா மீனு. இத ஐஸ்ல வைக்கலாம்ல? இல்ல இதுக்கும் எதாச்சும் இருக்கா?”

குஞ்சிதபாதமே சிரித்துவிட்டார்.

மாலையில் வீட்டில் ராசம்மாள் மீன் ஆய்ந்துகொண்டே, யார் கொடுத்தது, எதற்குக் கொடுத்தார்கள் என்று கேட்டாள். எழில்மொழி எல்லாவற்றையும் சொன்னாள். மஞ்சள் நிறத்தைச் சொன்னபோது அரிவாள்மணையில் ஓடிய கை நின்றது.

“அப்ப ஒங்கப்பாவுக்கும் அந்த மாத்திரையாலதானா?”

“ஆமாம்மா. அப்படித்தான் இருக்கணும்.”

“கீழாநெல்லியால இல்ல?”

அந்தக் கேள்வியை அம்மா ஏழு வருடமாகச் சுமந்திருக்கிறாள் என்பது அதுவரை எழில்மொழிக்குத் தெரியாது. வகுப்பில் கேட்ட அன்றே வீட்டில் சொல்லியிருக்கலாம். அப்பாவைப் பற்றிப் பேசினால் அம்மா அழுவாள் என்றே அவள் விட்டுவிட்டாள்.

“இல்லம்மா. கீழாநெல்லி ஒண்ணும் பண்ணல.”

ராசம்மாள் தலையாட்டினாள். புறங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, மீனைத் திருப்பிப் போட்டு, மறுபக்கச் செதிலைச் சுரண்ட ஆரம்பித்தாள்.

“நல்ல மீனு” என்றாள். “கெடாம கொண்டாந்திருக்காரு.”