இடுப்பில் கை ஊன்றிய எலிப்பொறி

பெண் பார்க்க மியூசியத்துக்குப் போகலாம் என்று சொன்னது நான்தான். இதில் வேறு யார் மீதும் பழி போட முடியாது.

பெண் வீட்டார் தில்லி துவாரகாவில் அடுக்குமாடிக் குடியிருப்பில் இருப்பவர்கள். "வீட்டுக்கு வந்தீங்கன்னா சொசைட்டி பூரா பால்கனியில வந்து நிக்கும் தம்பி. மொதல்ல வெளியில எங்கயாச்சும் பாத்துக்கலாம்" என்று பெண்ணின் அப்பா போனில் சொன்னார். ஒரு மாலின் பெயரையும் சொன்னார். நான் எஸ்கலேட்டரில் முதல் படியில் கால் வைப்பதற்கு முன் கொஞ்சம் யோசிக்கிற ஆள். அந்த யோசனையை வருங்கால மாமனார் பார்க்க வேண்டாம் என்று பட்டது. "மியூசியம் போகலாமா சார்?" என்றேன். மாலின் பெயரை இன்னொரு தடவை சொல்லிப் பார்த்தார். பிறகு "போகலாமே" என்றார்.

தரகரிடம் அவர் சொன்னது மறுநாளே என் காதுக்கு வந்துவிட்டது. "பையன் நெசமாவே படிச்சவனா, இல்ல சர்டிபிகேட் மட்டும் வச்சிருக்கானான்னு அங்க தெரிஞ்சுரும்."

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அப்பாவுக்கு இன்றும் கைநாட்டுதான். பத்தாம் வகுப்பு, கல்லூரி, மத்திய அரசு வேலைக்கான தேர்வு எல்லாவற்றையும் மனப்பாடத்தாலேயே தாண்டியவன். ஆகவே மியூசியத்தையும் மனப்பாடம் செய்துவிடுவதென்று முடிவெடுத்தேன். பெண்ணின் போட்டோ ஏற்கெனவே வந்திருந்தது. அதில் அவள் கேமராவைப் பார்க்கவில்லை. போட்டோ எடுத்தவரை ஏதோ திட்டிக்கொண்டிருந்தாள். அதைப் பார்த்ததிலிருந்து இந்தப் பரீட்சையில் தோற்கக்கூடாது என்று ஆகிவிட்டது.

மூன்று சனிக்கிழமைகள் நான் தங்கியிருந்த முனிர்காவிலிருந்து பஸ் பிடித்துப் போனேன். சிந்துவெளிக் கூடத்தில் முதல் கண்ணாடிப் பெட்டியிலிருந்து ஆரம்பித்து வரிசையாக நோட்டில் எழுதினேன். முதல் பெட்டி முத்திரைகள். இரண்டாவது எடைக்கற்கள். மூன்றாவது சுடுமண் வண்டி. நான்காவதில் மொகஞ்சதாரோவின் வெண்கல நடனப் பெண் சிலை.

நான்காவதில்தான் சிக்கல். அந்தப் பெண் கை நிறைய வளையல் போட்டிருக்கிறாள். வளையலைத் தவிர வேறு எதையும் பெரிதாகப் போட்டிருக்கவில்லை. பெண்ணின் அப்பா பக்கத்தில் நிற்கும்போது அதை எப்படிப் பார்ப்பது? பார்க்காமல் தாண்டிப் போனால் படிப்பில் ஓட்டை என்று ஆகிவிடும். யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தேன். சொல்ல வேண்டியதை எல்லாம் சொல்வது, ஆனால் கண்ணைக் கூரையில் வைத்துக்கொள்வது. அறையில் கட்டிலில் படுத்து மின்விசிறியைப் பார்த்தபடி அதையும் ஒத்திகை பார்த்தேன்.

பெண் பார்க்கப் போகும் ஞாயிற்றுக்கிழமை காலையில் அப்பா ஊரிலிருந்து போன் செய்தார். "ஏய்யா, அவுக சம்மதம்னு சொல்லாம அங்க கை நனைச்சுப்புடாத. ஒரு வாய் காப்பி கூடக் கூடாது. நம்ம வழக்கம் தெரியும்ல?" தெரியும். எங்கள் பக்கத்தில் சம்பந்தம் முடிவாவதற்கு முன் பெண் வீட்டில் எதுவும் சாப்பிட மாட்டோம். சாப்பிட்டால் முடிந்துவிட்டது என்று அர்த்தம்.

பெண்ணின் அம்மா அந்த வழக்கத்தின் மறு பாதியைக் கையோடு கொண்டு வந்திருந்தார். ஒரு பெரிய எவர்சில்வர் டப்பா நிறைய கேசரி. மியூசியம் வாசலில் ஸ்கேனர் அதைப் பார்த்துச் சத்தம் போட்டது. காவலர் திறக்கச் சொன்னார், முந்திரியைப் பார்த்து, "பிரசாதமா?" என்று இந்தியில் கேட்டார். "இன்னும் இல்லப்பா" என்று அம்மா தமிழிலேயே சொல்லி மூடினார். பைகள் வைக்கும் அறையில் கேசரிக்கு ஒரு டோக்கன் கிடைத்தது.

உள்ளே நானும் அவளும் முன்னால் நடந்தோம். பெற்றோர் பத்தடி பின்னால். நாங்கள் நின்றால் அவர்களும் நின்றார்கள்.

முத்திரையில் ஒரு வார்த்தை பிசகவில்லை. எடைக்கல், வண்டி இரண்டையும் ஒப்பித்தேன். அவள் ஒவ்வொன்றுக்கும் "அச்சா" என்றாள். அவளுடைய அப்பாவின் தலை ஆடத் தொடங்கியிருந்தது. அவர் எங்கள் பக்கத்திலேயே வந்துவிட்டார்.

நான்காவது பெட்டிக்கு வந்தேன். கண்ணைக் கூரைக்கு உயர்த்தினேன்.

"இவளைப் பாருங்க. உயரம் பத்தரை சென்டிமீட்டர்தான். வலது கையை இடுப்பில் ஊன்றியிருக்கிறாள். இடது கை முழுவதும் வளையல். தலையைச் சற்றே பின்னால் சாய்த்திருக்கும் அந்தத் தோரணையில் இளமையின் துணிச்சல் தெரிகிறது. அந்தக் காலத்து மக்களின் அழகுணர்ச்சிக்கு இவளே சாட்சி."

எல்லோரும் மெய்ம்மறந்து நிற்கிறார்கள் என்று நினைத்தேன்.

"தம்பி" என்றார் அவளுடைய அப்பா. "இதுல இடுப்பு எந்தப் பக்கம் இருக்கு?"

கண்ணைக் கீழே இறக்கினேன். பெட்டிக்குள் களிமண்ணில் செய்த ஒரு எலிப்பொறி இருந்தது. நான்கு பக்கமும் ஓட்டைகள். அந்த வாரத்தில் பெட்டிகளை இடம் மாற்றியிருக்கிறார்கள்.

"வளையலையும் காணோமே" என்றார் அம்மா, அக்கறையாகக் குனிந்து பார்த்து.

மூலையில் பிளாஸ்டிக் நாற்காலியில் இருந்த மீசைக்காரக் காவலாளி எழுந்து வந்தார். என்னைப் பார்த்ததில் அவருக்கு உண்மையான சந்தோஷம். "என்ன மாஸ்டர்ஜி, இன்னைக்கு நோட்டு பேனா ஒண்ணும் இல்லையா? மூணு வாரமா எழுதி எழுதியே கண்ணாடியில மூச்சு படிஞ்சுபோச்சு" என்று இந்தியில் சொல்லிவிட்டு, அவர்கள் பக்கம் திரும்பி, "நல்ல பையன். சத்தம் போட்டுப் படிப்பான்" என்று நற்சான்றும் கொடுத்தார். அவர்கள் தில்லியில் இருபத்தைந்து வருடமாக இருப்பவர்கள். மொழிபெயர்க்கத் தேவைப்படவில்லை.

அவளுடைய அப்பா இருமுவது போல முகத்தைத் திருப்பிக்கொண்டார். தரகரிடம் என்ன சொல்வார் என்று எனக்கு முழு வாக்கியமாகவே கேட்டது.

"அப்பா, நீங்க உக்காருங்க. நாங்க வர்றோம்" என்றாள் அவள். கொஞ்ச தூரம் நடந்ததும் கேட்டாள். "மூணு வாரமா? சச்சி? நெசமாவா?"

"ஆமாங்க."

"எதுக்கு?"

"பரீட்சைன்னு நெனச்சேன்."

"கூரைய எதுக்குப் பாத்தீங்க? அதுவும் சிலபஸா?"

காரணத்தைச் சொன்னேன். அவள் ஒரு தூணைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அதற்கப்புறம் தேடிப் பிடித்து, கூடத்தின் கடைசியில் இருந்த பெட்டியின் முன் என்னை நிறுத்தினாள். நடனப் பெண் அங்கே இருந்தாள்.

"இப்ப பாருங்க. பாத்து, உங்களுக்கு என்ன தோணுதோ அத சொல்லுங்க. நோட்டுல இருக்கிறது வேணாம்."

பார்த்தேன். மூன்று சனிக்கிழமைகளும் அந்தச் சிலைக்குக் கீழே இருந்த அட்டையைத்தான் பார்த்திருக்கிறேன் என்று அப்போதுதான் தெரிந்தது.

"ரொம்ப நேரமா பஸ் வரல போல. கடுப்புல நிக்கிறாங்க. யாராச்சும் 'சிரிங்க'ன்னு சொன்னா திட்டிருவாங்க" என்றேன். சொல்லிவிட்டு, "உங்க போட்டோ மாதிரி" என்றும் சொல்லிவிட்டேன். அது நோட்டில் இல்லாதது. வாயிலிருந்து தானாக வந்தது.

அவள் பெட்டியைப் பார்த்தாள். கண்ணாடியில் தெரிந்த தன் முகத்தையும் பார்த்தாள்.

வெளியே புல்வெளியில் அவளுடைய அம்மா டோக்கனைக் கொடுத்து டப்பாவை மீட்டு வந்திருந்தார். ஆனால் திறக்கவில்லை. மடியில் வைத்துக்கொண்டு மகளின் முகத்தைப் பார்த்தார். அப்பா செருப்பு நுனியால் புல்லைத் தடவிக்கொண்டிருந்தார்.

"என்னம்மா, கெளம்பலாமா?" என்றார்.

அவள் அம்மாவின் மடியிலிருந்து டப்பாவை எடுத்தாள். மூடியைத் திறந்து, அந்த மூடியிலேயே ஒரு கரண்டி கேசரி வைத்து என்னிடம் நீட்டினாள்.

"சாப்பிடுங்க."

"இல்லங்க, எங்க பக்கம் முடிவாகாம கை நனைக்க..."

"அம்மா நேத்தே சொல்லிட்டாங்க. தெரிஞ்சுதான் குடுக்கறேன். ஜல்தி சாப்பிடுங்க, ஆறிப் போச்சு."

அவளுடைய அப்பாவைப் பார்த்தேன். "சாப்பிடுங்க தம்பி. இதுக்கு நோட்டு எடுக்க வேண்டாம்" என்றார்.

பெரிய கவளமாக அள்ளி வாயில் போட்டேன். சட்டைப்பையில் போன் அடித்தது. ஊரிலிருந்து அப்பா. எடுத்தேன்.

"என்னய்யா ஆச்சு? ஏன் பேச மாட்டேங்கற? வாயில என்ன?"